ஊசி நூலும் ஒரு தாள் விதியும்

பட்டுப் பாவாடை தைக்கக் கொடுக்கும்போது "நாலு டக் வெச்சுத் தைங்க" என்று சொல்லிவிட்டு வருவது ஒரு காலத்துப் பழக்கம். பாவாடையின் அடிப்பக்கம் மடிப்பு மடிப்பாகப் பிடித்துத் தைத்திருப்பார் டெய்லர். பெண் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காத ஒரு கோடு தெரியும். கோடுகளை எண்ணினால் பாவாடையின் வயதைச் சொல்லிவிடலாம். நாலாவது டக்கும் பிரிந்தபின் அது சித்தி மகளுக்குப் போகும். இதற்கு 'சஸ்டைனபிள் ஃபேஷன்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இன்றைக்கு வாங்கும் ரெடிமேட் சுடிதார் ஒன்றை உட்புறம் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் பக்கத் தையலுக்கு அப்பால் துணியே இருக்காது. ஒட்டவெட்டி ஓவர்லாக் அடித்திருப்பார்கள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டால் பிரித்துவிட இடமில்லை. ஆக, ஒரு விரல் அகலமாவது உள்துணி விட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதுதான் முதல் சிக்கனம்.

விலை குறைவு என்று அள்ளிக்கொண்டு வரும் துணிக்கு வேறொருவர் விலை கொடுத்திருக்கிறார். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, வயலிலிருந்து கடை வரை, சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. நமக்கு அந்தக் கணக்குகூட வேண்டாம், நொய்யல் ஆறு போதும். அதன் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியது.

தேய்ந்ததை என்ன செய்கிறோம்? பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்குகிறோம். இல்லையென்றால் போகியன்று கொளுத்துகிறோம். பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதைக் கொளுத்துவதும் பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதும் ஒன்றுதான். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து கவிந்ததில் விமானங்களையே திருப்பிவிட வேண்டியதாயிற்று.

"தானமாகக் கொடுத்துவிடலாமே" என்பீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் கிடந்த துணிக் குவியல்களைப் பார்த்தவர்களுக்கு அதன் மறுபக்கம் தெரியும். ஊர் ஊராக லாரியில் வந்த கிழிசல்களையும் கறை படிந்ததையும் மீனவக் குடும்பங்கள் கட்ட மறுத்தன. அதில் தப்பென்ன? 'நமக்கு வேண்டாதது அவர்களுக்குப் போதும்' என்ற நினைப்பு துணியோடு சேர்ந்தே வந்திருந்தது. வீணாய்க் கிடந்த அந்தத் துணிகளைத் தரம் பிரித்துப் பயனுள்ள பொருளாக்கும் வேலையில் 'கூன்ஜ்' போன்ற அமைப்புகள் இறங்கின.

துணியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது அப்படியல்ல. கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே என்பது இங்கே இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி, பள்ளிக்கூட ஹால், மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் திண்ணை, எந்த இடமானாலும் சரி. ஆளுக்கு ஐந்தாறு துணி கொண்டுவர வேண்டும், எத்தனை கொடுத்தாரோ அத்தனை டோக்கன். டோக்கனுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். குழந்தைத் துணிக்கும் பள்ளிச் சீருடைக்கும் இந்த ஏற்பாட்டைப்போல் பொருத்தமானது வேறில்லை. ஜூன் மாதம் எடுத்த சீருடை பிப்ரவரியில் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடுகிறது, துணியோ புதிதுபோலவே இருக்கிறது. பேட்ஜையும் பெயர்ப்பட்டியையும் மட்டும் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

"அடுத்தவர் கட்டினதையா?" என்ற முகச்சுளிப்பு வரத்தான் செய்யும். பிறந்த குழந்தையை முதலில் சுற்றி வைப்பதே பாட்டியின் நைந்த நூல் புடவையில்தானே! அந்த மென்மை எந்தப் புதுத் துணிக்கும் வராது என்பதால்தான் அப்படிச் செய்தார்கள்.

ஆனாலும் "அலசிக் கட்டு" என்று பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது. படர்தாமரையும் சிரங்கும் துணி வழியாகத் தொற்றும். சிரங்குப் பூச்சி மனித உடம்பை விட்டு இறங்கினால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. படர்தாமரைக் கிருமி அவ்வளவு சீக்கிரம் போகாது. எனவே வாங்கி வந்ததை ஒரு பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். பருத்தியைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் உட்புறம் திருப்பிக் காயப்போட்டு, தையல் ஓரங்களில் அழுத்தித் தேயுங்கள். பட்டு வெந்நீர் தாங்காது, டிரை வாஷுக்குத்தான் போக வேண்டும். உள்ளாடைகளை எந்த மாற்றுக் கூடத்திலும் வைக்கக் கூடாது. குழந்தைச் சட்டையின் கழுத்தில் தொங்கும் கயிற்றை உருவிவிடுங்கள், ஆடும் பொத்தானை இறுக்கித் தையுங்கள். இரண்டும் மூச்சை அடைக்கக்கூடியவை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றிக்கொண்ட புடவை வீட்டுக்கு வந்ததும் இழை விட்டால், எந்த நுகர்வோர் ஆணையமும் உங்களுக்குத் துணைக்கு வராது. பணம் கொடுத்து வாங்கியவர்தான் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர். சும்மா கிடைத்ததற்கு அந்தச் சட்டம் இல்லை. அதனால் விதியை நாமே எழுதி வாசலில் ஒட்ட வேண்டும்: துவைத்துத் தேய்த்ததுதான் வரும், குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு நூல் கட்டிக் காட்ட வேண்டும், திரும்பக் கொடுக்கும் பேச்சு அன்றைக்கே முடியும், மிஞ்சினதை யார் எடுத்துப்போவது என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். ஒரு தாள் போதும். அது இல்லாமல் நடத்திய கூட்டங்களில் நட்பு கெட்டதைப் பார்த்திருக்கிறேன்.

காசு கைமாறுகிற இடத்தில் கதையே வேறு. மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டிருக்கும் டெய்லரிடம் ஜிப் மாற்றவோ இடுப்புப் பிடிக்கவோ கொடுத்தாலும் அது சேவைதான். என்ன வேலை, என்ன கூலி, என்றைக்குத் தருவார் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். விலை உயர்ந்த துணியென்றால் கொடுக்கும் முன் போனில் ஒரு படம். லாண்டரிச் சீட்டின் பின்புறம் "சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். அப்படி அச்சடித்தும் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்த லாண்டரிகள் உண்டு. துணிக்கடை பில்லில் இருக்கும் "விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்" என்ற வரியும் குறையுள்ள துணி விஷயத்தில் செல்லாது. பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது. நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இது பொருந்தாது.

முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பும் எழுத்துதான். மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

பழையதை ஆன்லைனில் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால், போகப்போவது உங்கள் பணம். பணம் வாங்க 'பின்' நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். வாசலில் வந்து பழைய பட்டுப் புடவை கேட்பவரிடமும் அவசரப்படாதீர்கள். அசல் சரிகையில் வெள்ளி உண்டு. இரண்டு இடத்தில் சோதித்து விலை கேட்ட பிறகு கொடுக்கலாம்.

பிரான்ஸில் 2023 நவம்பரிலிருந்து துணியையும் செருப்பையும் பழுதுபார்த்தால் கூலியில் ஒரு பங்கு தள்ளுபடி. நம் ஊரில் அப்படி ஒரு திட்டம் வரும்வரை தெருமுனை டெய்லரிடம் பேரம் பேசாமல் இருந்தாலே புண்ணியம். பீரோவில் மேல்தட்டிலிருந்து ஒரு துணியை இந்த வாரம் இறக்கி, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பாருங்கள்.