சோற்றுப் பார்சலை எதில் கட்டுவது?

திருக்கோவிலில் மாலை நேரச் சாப்பாட்டுக்கடை ஒன்றை நடத்தி வருகின்றேன். கொத்து, பராட்டா, இடியப்பம், வெள்ளிக்கிழமைகளில் புரியாணி. எங்கள் வியாபாரம் பெரும்பாலும் பார்சல்தான். ஆகவே எதில் கட்டிக் கொடுப்பது என்பது எனக்குச் சமையலுக்கு அடுத்த பெரிய கேள்வி.

அந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ரெஜிபோம் பெட்டிகள் தாராளமாகப் புழங்கிய காலம் அது. தட்டிலிருந்து எடுத்த கையோடு கொத்தைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வெறும் பெட்டியுடன் வந்தார்.

“தம்பி, அடியைப் பாருங்கோ. உருகிக் குழி விழுந்திருக்கு. உருகினது எங்க போனது?”

“சேர், சூடு கொஞ்சம் கூடிப்போச்சு” என்றேன். வேறு பதில் என்னிடம் இருக்கவில்லை.

ரெஜிபோம் என்பது காற்றூட்டிய பொலிஸ்டைரீன். அதிலிருந்து ஸ்டைரீன் என்ற இரசாயனம் சிறிதளவு உணவில் இறங்கும். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் அது கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் ஒரு படி உயர்த்தி வைத்தது. ஒரு பெட்டியால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனால் கிழமைக்கு நாலு நாள் நம்மிடம் வாங்குபவரின் கணக்கு வேறு.

சட்டம் நமக்கு முன்னரே நகர்ந்துவிட்டது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே வருடம் செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் உணவுப் பெட்டிகளும் தடை செய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, முள்ளுக்கரண்டி, இடியப்பத் தட்டு என்பனவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2025 நவம்பர் 1 முதல் ஷொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது. விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும். இருந்தும் பின்பக்கத்தால் லஞ்ச் ஷீட் கட்டு வாங்கும் கடைகள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு கசப்பான காட்சி இருக்கிறது. சுற்றுப்புற ஊர்களின் குப்பை கொட்டப்படும் பள்ளக்காட்டில், 2022 ஜனவரியில் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. அதற்கு முந்திய எட்டு வருடங்களில் அங்கே இறந்தவை இருபதளவில் என்று அப்போது செய்தி வந்தது. வெட்டிப் பார்த்தபோது வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் கிடந்தன. யானை பொலித்தீனுக்காக வருவதில்லை, அதில் ஒட்டியிருக்கும் சோற்று வாசத்துக்காக வருகிறது. அதில் என் கடைச் சோறும் இருந்திருக்கும்.

சரி, மாற்று என்ன? வாழையிலைதான் என் முதல் தெரிவு. நெருப்பில் லேசாக வாட்டினால் கிழியாது, மடிக்க இலகு. இலையை வைத்து வெளியே வெள்ளைத் தாளால் சுற்றினால் சோறும் பராட்டாவும் நன்றாக நிற்கும். ஆனால் ஆணம் நிற்காது. அதற்குக் கரும்புச் சக்கைப் பெட்டியோ மூடி இறுக்கமான பொலிபுரொப்பிலீன் டப்பாவோ வேண்டும். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் இருந்தால் அது பொலிபுரொப்பிலீன். சூட்டைத் தாங்கும், கழுவித் திரும்பவும் பாவிக்கலாம். 6 என்றிருந்தால் பொலிஸ்டைரீன், வாங்காதீர்கள். அலுமினியத் தாளில் புளியாணத்தையும் எலுமிச்சை சேர்ந்ததையும் கட்டக்கூடாது, புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

கடதாசிக் கோப்பையை நம்பி ஏமாற வேண்டாம். உள்ளே பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தபோது அப்படிப்பட்ட கோப்பைகளையும் சேர்த்தே தடுத்தார்கள். ‘மக்கும்’ என்று அச்சடித்த பை எல்லாம் நம் வீட்டுக் கிணற்றடியில் மக்கிவிடாது. சிலவற்றுக்கு அறுபது பாகை அளவு சூடுள்ள உரத் தொழிற்சாலை வேண்டும். விற்பவரிடம் சான்றிதழைக் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

வடையையும் ரோல்ஸையும் பழைய பத்திரிகையிலும் பிள்ளைகளின் கொப்பித் தாளிலும் சுற்றுவது இன்னும் போகவில்லை. எண்ணெய் பட்டதும் மை உணவில் ஏறும். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2016இலேயே இதைச் செய்யாதீர்கள் என்று எச்சரித்தது. பார்சலில் ஸ்டேப்ளர் ஊசி குத்துவதையும் விட்டுவிடுங்கள், நூல் போதும். நோன்பு காலத்தில் கொதிக்கும் கஞ்சியைப் பொலித்தீன் பையில் ஊற்றிக் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சேரின் பெட்டிதான் ஞாபகம் வரும்.

செலவு? கூடும், மறைக்க மாட்டேன். ஒரு பார்சலுக்குப் பத்து ரூபா கூடினால், நாளைக்கு 150 பார்சலுக்கு 1,500 ரூபா. மாதம் 26 நாள் கடை திறந்தால் 39,000. சின்னக் கடைக்கு அது ஒரு பையனின் சம்பளத்தில் பெரும்பகுதி. முழுவதையும் விலையில் ஏற்றினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். நான் மூன்று விதமாகக் குறைத்தேன். சோற்றுக்கு இலை, ஆணத்துக்கு மட்டும் டப்பா என்று பிரித்தேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர் இருவருடன் சேர்ந்து மொத்தமாக வாங்குகிறேன். சொந்தப் பாத்திரம் கொண்டு வருபவருக்கு இருபது ரூபா கழிக்கிறேன்.

மூன்றாவது பலிக்காது என்றுதான் நினைத்தேன். முதல் கிழமை ஒருவருமே வரவில்லை. பிறகு ஒரு மாலை சேரின் மகள் மூன்றடுக்குக் கேரியருடன் வந்து நின்றா. இப்போது இடியப்பத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் கையில் சட்டியோ கேரியரோ இருக்கிறது. மூடி இல்லாமல் வருபவர்களுக்காக ஒரு கட்டு வாழையிலை எப்போதும் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.