பச்சைக் காய்கறிகளை வீட்டில் உறையவைத்துப் பாதுகாத்தல்

மார்கழிப் பிற்பகுதி முதல் மாசி வரையில் திருநெல்வேலிச் சீமையில் காய்கறிக்குக் குறைவில்லை. தாமிரபரணிக் கால்வாய்களின் கரையோரக் கொல்லைகளிலும், அதற்கு வடக்கே ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துக் கிணற்றுப் பாசன நிலங்களிலும் மொச்சை, அவரை, வெண்டை, தக்காளி ஆகியவை ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து குவிகின்றன. பொங்கல் கழிந்தபின் விலை இறங்கிவிடுமாயின், பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்திற்கும் கட்டாதென்று காயைச் செடியிலேயே விட்டுவிடும் குடியானவர்கள் உண்டு. அக்குடும்பங்களே சித்திரை, வைகாசியில் அதே காயைச் சந்தையில் பணங் கொடுத்து வாங்கவும் நேரிடுகிறது.

இந்நஷ்டத்திற்குப் பெண்மக்கள் தொன்றுதொட்டுக் கையாண்டு வரும் பரிகாரம் வற்றல். சுண்டை, மிதுக்கு, வெண்டை, சீனியவரை முதலியவற்றிற்கு அதனினும் மலிவான உபாயம் வேறில்லை. அதை விட்டுவிட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பச்சை மொச்சை காய்ந்தால் வெறும் பயறாகிவிடுகிறது. அவரைப் பிஞ்சின் ருசியும் வெயிலில் நிற்பதில்லை. இவைபோன்றவற்றிற்கே உறையவைக்கும் முறை ஏற்றது. பிரிட்ஜ் எனப்படும் குளிர்ப்பெட்டி கிராமத்து வீடுகள் பலவற்றிலும் இப்போது இருக்கிறது. எனினும், உரித்த மொச்சையை அப்படியே பையில் கட்டி உள்ளே வைத்து, இரண்டு மாதம் சென்று எடுத்துப் பார்க்குங்கால் நிறம் மங்கி, வைக்கோல் வாடை வீசக் கண்டு, பெட்டியின்மேல் பழி சொல்லுவோர் பலர். குற்றம் பெட்டியினுடையதன்று.

செடியினின்று பறித்த பின்னரும் காய் உயிருள்ள பொருளே. அதனுள் என்ஸைம் என்னும் நொதிகள் ஓயாமல் வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும். குளிர் அவ்வேலையைத் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்திவிடாது. கொதிநீரின் உஷ்ணம் ஒன்றே அவற்றைச் செயலற்றவையாக்கும். சீனியவரை வற்றல் போடுவோர் காயை உப்பு நீரில் ஒரு கொதி விட்டு எடுத்த பிறகே வெயிலில் பரப்புவதை யாவரும் அறிவர். காரணம் கேட்டால் 'அப்படித்தான் வழக்கம்' என்பார்கள். அவ்வழக்கத்தின் உட்பொருளும் இதுவே. ஆகவே உறையவைக்கும் முறையின் முக்கியமான பாகம் இச்சீமைப் பெண்மக்களுக்குப் புதிதல்ல.

காய் புதிதாயிருக்க வேண்டும். காலையில் பறித்ததை அன்றே பக்குவம் செய்தல் உத்தமம். அரைக் கிலோ காய்க்கு நான்கு லிட்டர் தண்ணீர் வீதம் பெரிய பாத்திரத்தில் நன்றாய்க் கொதிக்கவைத்து, துணியில் முடிந்தாவது கம்பிக் கூடையிலிட்டாவது காயை முக்கி மூடவேண்டும். தண்ணீர் குறைவாயிருந்தால் கொதி அடங்கிக் காய் குழைந்துபோகும். மறுபடியும் கொதி வந்தது முதல் நேரத்தைக் கணக்கிட வேண்டும். உரித்த மொச்சைக்குப் பருமனுக்குத் தக்கபடி 2 முதல் 4 நிமிஷம். அவரைப் பிஞ்சுக்கும் பீன்ஸுக்கும் 3 நிமிஷம். சிறு வெண்டைக்கு 3, பெரியதற்கு 4. வெண்டையின் காம்பை மட்டும் நறுக்கி, விதையறை திறவாதபடி முழுதாகவே முக்கவேண்டும்; வில்லைகளாக அரிவது பிறகுதான். நேரம் குறைந்தால் நொதிகள் அடங்குவதற்குப் பதில் கிளர்ச்சியடைந்துவிடும். சுத்தமாக முக்காமலிருப்பதைவிட அது கேடு.

எடுத்தவுடன் ஐஸ் இட்ட தண்ணீரில் அதே அளவு நேரம் ஆறவிட்டு, நீரை வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக்கி, ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய அளவில் சிறு பைகளில் தட்டையாக இட்டு, காற்றை வெளியேற்றி, தேதி எழுதிக் கட்டவேண்டும். பெரிய பொட்டலமாகக் கட்டுவது வீண்.

பொட்டலம் தட்டையாயிருக்க வேண்டியதற்கும் காரணமுண்டு. காயில் பெரும்பகுதி தண்ணீர். அது மெள்ள உறைந்தால் பனிக்கட்டியின் மணிகள் பெரிதாகித் திசுக்களைக் குத்திக் கிழிக்கும். விரைவாய் உறைந்தால் அவை சிறியனவாய் நிற்கும். 1912 முதல் 1915 வரை லாப்ரடார் தேசத்தில் வசித்த கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்ற அமெரிக்கர், கடுங்குளிரில் பிடித்த மீன் கணத்தில் உறைந்து, மாதக்கணக்கில் சென்றும் புதிதுபோலிருக்கக் கண்டு, அதையே ஒரு கைத்தொழிலாக்கினார். 1930இல் அந்நாட்டின் ஸ்பிரிங்பீல்டு நகரக் கடைகளில் உறைந்த காய்கறிகள் விலைக்கு வந்தன. அவ்வேகம் வீட்டுப் பெட்டிக்கு இல்லையாதலால், பிரீஸர் அறையின் 28 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் புதுச் சரக்கு வைக்கலாகாது.

அறையின் குளிர் சைபருக்குக் கீழ் 18 டிகிரி சென்டிகிரேட் இருப்பது அவசியம். ஒற்றைக் கதவுப் பெட்டிகளின் ஐஸ் அறை அவ்வளவு கீழே செல்லாதிருப்பதுண்டு; சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிப் பார்த்துக்கொள்வது நன்று. பெட்டியின்மேல் ஒட்டியுள்ள நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்தைக் காட்டுவனவேயன்றிக் குளிரின் அளவையல்ல. இக்குளிர் நிலையாயிருந்தால் எட்டு மாதம் முதல் ஒரு வருஷம் வரை காய் கெடாது.

தக்காளிக்கும் பச்சை மிளகாய்க்கும் வெந்நீர்ப் பக்குவமே வேண்டாம். தக்காளியைக் கழுவித் துடைத்து முழுதாக வைக்கலாம். எடுத்துத் தண்ணீரில் காட்டினால் தோல் கழன்றுவிடும். குழம்பு, ரசத்துக்கு மட்டுமே உதவும். வெள்ளரி வைக்கத் தகாதது. சிறுகிழங்கு முதலிய கிழங்குகளைப் பச்சையாக உறையவைத்தால் பஞ்சு போலாகும்.

கிராம அதிகாரிகள் ஒன்றை மனத்திற்கொள்ளல் வேண்டும். சைபருக்கு மேற்பட்ட குளிரில் இயங்கும் சாதாரணக் குளிர்பதனக் கிடங்கு, காயைச் சில நாட்கள் அல்லது வாரங்கள் வாடாமல் வைக்குமேயன்றி உறையவைக்காது. உறைந்த காயை விற்க முற்படும் குழுக்கள் 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவோ உரிமமோ பெறவேண்டும்.

இனி மின்சாரம். 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஏற்பட்டது முதல் தாமிரபரணி வயலுக்கு நீரோடு வீட்டுக்கு விளக்கும் தந்தது. அவ்வாறே 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், மார்கழி பிறந்த கையோடு, கரை மீறிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆற்றோர ஊர்கள் பலவற்றில் நாட்கணக்கில் மின்சாரமில்லை. குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்கவே வைக்கிறது. உருகியதும் அவை விழித்துக்கொள்ளும். நிறைந்த தனிப் பிரீஸர் கதவு திறவாதிருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். பிரிட்ஜின் மேலறை அவ்வளவு தாங்காது. உள்ளே இன்னும் பனிக்கட்டி மணிகள் தென்படும் பொட்டலத்தை மீண்டும் உறையவைக்கலாம்; ருசி சற்றுக் குறையும். முற்றும் உருகி வெதுவெதுப்பாகிவிட்டதை, வாடை இல்லாவிடினும், குப்பைக் குழியில் கொட்டிவிட வேண்டும்.

வீட்டில் ஆளில்லாதபோது மின்சாரம் நின்று மீண்டதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. சிறு கிண்ணத்துத் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பிரீஸரில் விட்டுவைக்க வேண்டும். ஊர் போய்த் திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. கிண்ணத்தின் அடியில் உறைந்து கிடந்தால் உள்ளேயுள்ள சரக்கு ஒருமுறை உருகிப்போனது என்று அறிக.