கேட்ல ஒரு பேரு, சம்பளச் சிலிப்ல இன்னொரு பேரு

இந்த எபிசோட்ல வேலையைப் பத்திப் பேசப் போறோம். ரெஸ்யூமே எப்படி எழுதணும், இன்டர்வியூல என்ன சொல்லணும் என்பதெல்லாம் இல்ல. கைக்கு வந்த வேலை உண்மையில் நமக்கு என்ன கொடுக்குதுன்னு எப்படிப் படிச்சுப் பார்ப்பது? அதுதான் இன்னைக்கு விஷயம்.

நான் காத்திவாக்கத்துக்காரன். எங்க ஏரியாவுல கம்பெனிப் பேரே ஊருக்கு அடையாளம். விம்கோ நகர் ஸ்டேஷன் இருக்கே, அது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். 1948ல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்தான் 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் புல்லட் செஞ்சாங்க. 1970களில் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது, மொத்தம் 450 மெகாவாட்.

அந்தத் தலைமுறைக்கு ‘பர்மனென்ட்’ என்பது ஒரே சொல். ஆனா அதுக்குள்ள ஒரு மூட்டையே இருந்தது: மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன், போனஸ், கடைசியில் கிராஜுவிட்டி. கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்கப் போனாலும் அந்தச் சொல் கூடவே போகும். கேட்டுக்குள்ள போயிட்டா போதும், மூட்டை தானா வந்துடும். தனித்தனியா யாரும் பிரிச்சுப் பார்க்கல.

இப்ப அந்த மூட்டை பிரிஞ்சு கிடக்கு. கேட் அதே கேட்தான். உள்ளே போற ஆளை வேலைக்கு வெச்சிருப்பது வேற ஒருத்தர்.

2017 மார்ச் 31 அன்று அனல்மின் நிலையம் மூடப்பட்டது. இந்த மாதிரி ஒரு இடம் மூடும்போது வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். நிரந்தர ஊழியருக்கு இன்னொரு நிலையத்துக்கு மாற்றல் என்று ஒரு வழி உண்டு. காண்ட்ராக்டர் கீழே இருந்தவருக்கு அந்த வழி கிடையாது, ஏன்னா காகிதத்தில் அவர் அந்த நிலையத்தின் ஆளே இல்ல. ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட் பார்த்திருப்பாங்க, ஒரே சாம்பல் தூசியைச் சுவாசிச்சிருப்பாங்க.

இதை ஃபேக்டரிக் கதைன்னு ஒதுக்கிடாதீங்க. ஓ.எம்.ஆர்.ல கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள போறவங்க எத்தனை பேர் கழுத்துல கிளையன்ட் கம்பெனி ஐ.டி. கார்டு, பேங்க் மெசேஜ்ல இன்னொரு பேரு? ‘தேர்ட் பார்ட்டி பேரோல்’ என்று அழகா சொல்றோம். எண்ணூர்ல அதுக்குப் பேரு காண்ட்ராக்ட்.

அதனால வேலையைப் பத்தி முதல்ல கேட்க வேண்டிய கேள்வி ‘எந்தக் கம்பெனி?’ இல்ல. ‘சம்பளச் சிலிப்ல யார் பேரு?’

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ரெண்டு ஆஃபர். முதலாவதில் கைக்கு 22,000. பிடித்தம் எதுவும் இல்ல, ‘கன்சல்டன்ட்’னு போட்டிருக்காங்க. ரெண்டாவதில் மொத்தம் 20,000. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,000, வீட்டு வாடகைப்படி 5,000.

ரெண்டாவதில் உங்க பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம், அதாவது 1,800. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 150. கைக்கு 18,050. முதல் ஆஃபரைவிட 3,950 கம்மி. நம்மில் பாதிப் பேர் இங்கேயே முடிவு எடுத்துடுவோம்.

கொஞ்சம் நில்லுங்க. கம்பெனி தன் பங்குக்கு பி.எஃப்.ல் இன்னொரு 1,800 போடணும். இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 650. கிராஜுவிட்டிக் கணக்கு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்: 15,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினா சுமார் 8,650, மாதத்துக்கு 720 ரூபாய். எல்லாம் கூட்டினா ரெண்டாவது வேலையின் மதிப்பு 23,000ஐத் தாண்டுது. கம்மியா தெரிஞ்சதுதான் பெரிய ஆஃபர்.

அந்த 150 ரூபாய் இ.எஸ்.ஐ. என்ன செய்யும்? உங்களுக்கும் உங்களை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம். போதுமான நாள் சந்தா கட்டியிருந்தா, உடம்பு முடியாமப் போகும்போது வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். பி.எஃப். கூடவே ஒரு ஆயுள் காப்பீடும் இருக்கு. வேலையில் இருக்கும்போது இறந்துட்டா குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை. இதைப் பலர் வீட்ல சொல்லியே வைக்கிறதில்ல. நாமினி பேரும் போடறதில்ல. இன்னைக்கே போடுங்க.

அதே சமயம் 3,950 ரூபாய் சின்னத் தொகை இல்ல. வாடகை, தங்கச்சி ஃபீஸ்னு இருக்கிற வீட்டுக்கு அதுதான் மாசக் கடைசி. அதிகப் பணத்துக்குப் போறவங்களைக் குறை சொல்ல மாட்டேன். என்னத்தை விக்கிறோம்னு தெரிஞ்சு விக்கணும், அவ்வளவுதான்.

பத்து வருஷம் என்கிற கோடு

கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். இப்போதைய வரம்பு 15,000 என்பதால் அது மாதம் 1,250. ஓய்வூதியம் கிடைக்க 10 வருஷ சர்வீஸ் வேணும். ஒரே கம்பெனியில இல்ல, மொத்தமா.

இது ஏன் முக்கியம்? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவைப் பாருங்க. 2006ல் உற்பத்தி தொடங்கியது, 2014 நவம்பர் 1ல் மூடியாச்சு. முதல் நாளே சேர்ந்த ஆளுக்குக்கூட அங்கே 9 வருஷம் முழுசா ஆகல. வேலை போன கோபத்தில், கடன் நெருக்கடியில், பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்திருந்தா அத்தனை வருஷமும் பூஜ்யம். அடுத்த கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் செஞ்சிருந்தா இன்னும் ரெண்டு வருஷத்துக்குள்ள கோட்டைத் தாண்டியிருக்கலாம்.

இப்ப யாரும் ஒரே இடத்தில் பத்து வருஷம் இருக்கப் போறதில்ல. அதனாலதான் யு.ஏ.என். நம்பர் கம்பெனியோட நம்பர் இல்ல, உங்க நம்பர். புதுக் கம்பெனி புது நம்பர் தர்றேன்னு சொன்னா, வேண்டாம், பழையதையே இணைங்கன்னு சொல்லுங்க. ஐ.டி. நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: 2014 செப்டம்பருக்கு அப்புறம், முதல்முறை சேரும்போதே அடிப்படைச் சம்பளம் 15,000க்கு மேல இருந்தா இந்த ஓய்வூதியத் திட்டம் கிடையாது. கம்பெனி பங்கு முழுசும் பி.எஃப். கணக்குக்கே போகும்.

கையெழுத்துக்கு முன்னாடி

ஒண்ணு, நியமனக் கடிதம். 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாருக்கும் அது கொடுக்கணும். ‘அப்புறம் தர்றோம்’ என்றால் மெயில்லயாவது கேட்டு வையுங்க.

ரெண்டு, குறிப்பிட்ட கால ஒப்பந்தமா? அப்படின்னா அதே சட்டத்தில் உங்களுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கு. முன்னாடி கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் காத்திருக்கணும். இப்ப குறிப்பிட்ட கால ஊழியருக்கு ஒரு வருஷம் போதும். ஆனா இது நேரடியா கம்பெனியோட போடும் ஒப்பந்தத்துக்கு. காண்ட்ராக்டர் வழியா போறது வேற வகை. ரெண்டையும் ‘காண்ட்ராக்ட்’ என்ற ஒரே வார்த்தையால சொல்லிக் குழப்புவாங்க.

மூணு, காண்ட்ராக்டர் வழியா போறீங்கன்னா, எந்தக் கேட்டுக்குள்ள வேலை பார்த்தீங்க என்பதற்கான ஆதாரம்: கேட் பாஸ், ஷிஃப்ட் ஷீட் போட்டோ, பாதுகாப்புப் பயிற்சிச் சீட்டு. 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த விதி இது: காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால், வேலை வாங்கிய பெரிய கம்பெனி தரணும். புதுத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடருது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பாக்கிக்கும் பெரிய கம்பெனி பொறுப்பு. ஆனா நீங்க அங்கே வேலை பார்த்ததே நிரூபணம் ஆகலைன்னா அந்த விதியால என்ன பிரயோஜனம்?

நாலு, ‘டிரெய்னி’யா, ‘அப்ரன்டிஸா’? அப்ரன்டிஸ் என்பது 1961 சட்டப்படி ஒரு பதிவு செய்த ஒப்பந்தம். பி.எஃப். வராது, ஆனா ஐ.டி.ஐ. டிரேடுகளில் கடைசியில் தேர்வும் தேசியச் சான்றிதழும் உண்டு. ஃபிட்டர், வெல்டர் யாரா இருந்தாலும் அந்தக் காகிதம் எந்த ஊர்லயும் பேசும். பதிவும் இல்ல, சான்றிதழும் இல்ல, ரெண்டு வருஷம் டிரெய்னி என்றால், அது பயிற்சி இல்ல, மலிவான வேலை.

அஞ்சு, மாசாமாசம் பி.எஃப். பாஸ்புக். சிலிப்ல பிடிச்சதா காட்டுவாங்க, கணக்குல ஏறியிருக்காது. உமங் ஆப்பில் ரெண்டு நிமிஷம். மூணு மாசம் ஏறலைன்னா அப்பவே கேளுங்க. மூணு வருஷம் கழிச்சுக் கேட்டா அந்தக் காண்ட்ராக்டர் ஊர்லயே இருக்க மாட்டார்.

இதெல்லாம் செஞ்சா வேலை போகாதா? போகும். மெஷின் மாறும், கம்பெனி ஒரகடத்துக்கோ குஜராத்துக்கோ போகும், கோடு எழுதுற வேலையும் மாறிட்டுதான் இருக்கு. சம்பளம் 21,000ஐத் தாண்டினா இ.எஸ்.ஐ.யும் நிக்கும். கம்பெனி தரும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையோட போயிடும், அதனால சொந்தமா ஒரு சின்ன பாலிசி வேணும். மூணு மாசச் செலவு கையில வேணும். இதையெல்லாம் தனி ஆள் தலையில கட்டிட்டாங்க என்பது அநியாயம்தான். சங்கமும் சட்டமும் பேச வேண்டிய அநியாயம். அதுவரைக்கும் வேலை போகும்போது நம்ம கூட எது வரும், எது கேட்லயே நின்னுடும் என்று முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சிருக்கலாம்.

இன்னைக்கு வீட்டுப்பாடம் ஒண்ணே ஒண்ணு. கடைசிச் சம்பளச் சிலிப்பை எடுத்து மேல இருக்கிற பேரைப் படிங்க. அப்படியே வீட்ல காண்ட்ராக்ட்ல போற அண்ணனோ அக்காவோ இருந்தா, அவங்க சிலிப்பையும் வாங்கிப் பாருங்க. சிலிப்பே தர்றதில்லைன்னு சொன்னாங்கன்னா, முதல்ல அதைத்தான் கேட்டு வாங்கணும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.