ஒரு ஆசிரியர், 24 வாசகர்கள், 45 நிமிடம்

அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் ஆசிரியரிடம் நிர்வாகம் எதிர்பார்ப்பது இரண்டு. வகுப்பிலுள்ள ஒவ்வொரு குழந்தையின் பக்கத்திலும் வாரம் ஒரு முறையாவது உட்கார்ந்து, அது வாசிப்பதைக் கேட்டு, தனியாகப் பேச வேண்டும். குழந்தைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அதன் தேவைக்கேற்ப வாசிப்புப் பாடம் நடத்த வேண்டும். இரண்டுமே நியாயமான ஆசைகள்தாம். கணக்குப் போட்டால்தான் வில்லங்கம் தெரியும்.

வகுப்பில் 24 பேர், வாசிப்புக்கு நாளொன்றுக்கு 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் எல்லோருக்குமான பாடம் 10 நிமிடம், முடிவில் பகிர்ந்துகொள்ள 5 நிமிடம் போனால் மிச்சம் 45. வாரத்துக்கு 225 நிமிடம். தனிச் சந்திப்புக்கு ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 120. ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்களை வாரம் இருமுறை, தலா 15 நிமிடம் பார்த்தால் இன்னொரு 120. தடுமாறும் குழுவுக்குக் கூடுதலாக இரண்டு அமர்வு சேர்த்தால் 30. மொத்தம் 270. ஒரு நாளில் மிஞ்சும் அந்த 45 நிமிடம் முழுதாகத் துண்டு விழுகிறது. ஒரு குழந்தைக்குத் தலைவலி, இன்னொன்றுக்குப் பென்சில் காணவில்லை என்பதெல்லாம் இந்தக் கணக்கில் இல்லை.

இந்தச் சுமை ஒரே நாளில் வந்து விழுந்ததல்ல. நியூசிலாந்தின் மேரி கிளே 1970களில் உருவாக்கிய ‘ரீடிங் ரெக்கவரி’ முறையில், பின்தங்கிய குழந்தைக்குத் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் தினமும் 30 நிமிடம் ஒதுக்கினார். குழந்தை வாசிக்கும்போது செய்யும் பிழைகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். அமெரிக்காவில் டொனால்ட் கிரேவ்ஸும் நான்சி அட்வெலும் 1980களில் எழுத்துப் பயிற்சியில் ஆசிரியர்-மாணவர் தனி உரையாடலை மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஐரீன் ஃபவுன்டாஸ், கே சூ பின்னெல் இருவரும் 1996இல் எழுதிய ‘கைடட் ரீடிங்’ நூலுக்குப் பிறகு குழு வாசிப்பு வகுப்புதோறும் பரவியது. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல யோசனை. எல்லாவற்றையும் ஒரே ஆசிரியரின் ஒரே காலைப்பொழுதில் அடைத்ததுதான் சிக்கல்.

துண்டு விழும் நேரத்தை எங்கே பிடிப்பது? முதல் வழி, எல்லோருக்கும் சம பங்கு என்ற எண்ணத்தை விடுவது. பந்தியில் பரிமாறுகிறவர் காலியான இலையைப் பார்த்துத்தான் போகிறார். எழுத்துக்கூட்டவே திணறும் ஆறு பேரை வாரத்தில் நான்கு நாள் குழுவாகப் பார்க்கலாம்: 60 நிமிடம். நடுத்தரமான இரண்டு குழுக்களுக்குத் தலா இரண்டு அமர்வு: 60. சரளமாக வாசிக்கும் குழுவுக்கு ஒன்றே போதும்: 15. நடுத்தரக் குழுக்களின் 12 பேரை வாரம் ஒரு முறை தனியே சந்தித்தால் 60. சரளமான ஆறு பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்தால் வாரத்துக்கு மூவர், 15 நிமிடம். கூட்டினால் 210. பென்சில் தேட 15 நிமிடம் மிஞ்சுகிறது.

தடுமாறும் ஆறு பேருக்குத் தனிச் சந்திப்பே இல்லையா என்று கேட்கத் தோன்றும். அது குழுவுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. ‘கைடட் ரீடிங்’ எனும் வழிகாட்டு வாசிப்பில் குழந்தைகள் ஒருவர் மாற்றி ஒருவர் உரக்கப் படிப்பதில்லை. ஆறு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் பாட்டுக்கு முணுமுணுவென்று படிக்க, ஆசிரியர் ஒவ்வொருவர் பக்கமாகச் சாய்ந்து ஓரிரு நிமிடம் கேட்கிறார். வாரம் நான்கு நாள் இப்படிக் கேட்கப்படும் குழந்தையை வகுப்பில் வேறு யாரையும்விட ஆசிரியர் நன்றாக அறிந்திருப்பார். ‘வாரம் ஒரு தனிச் சந்திப்பு’ என்ற கட்டத்தில் குறியிட இது கணக்கில் வராது என்று சொல்லும் தலைமையாசிரியர் கட்டத்தைப் பார்க்கிறார், குழந்தையைப் பார்க்கவில்லை.

ஐந்து நிமிடத்துக்குள் சந்திப்பை முடிப்பதும் பழகிப் பெற வேண்டிய கைத்திறன். தனிச் சந்திப்பு பற்றி எழுதிய கார்ல் ஆண்டர்சன் போன்றவர்கள் சொல்லும் ஒழுங்கு சுருக்கமானது: முதலில் கேள், எதைக் கற்றுக்கொடுப்பது என்று முடிவெடு, அந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடு. புது ஆசிரியர்கள் சறுக்கும் இடம் அந்த ‘ஒன்று’. ஒரு பத்தியில் நான்கு பிழை கேட்டுவிட்டால் நான்கையும் திருத்தக் கை துறுதுறுக்கும். பத்து நிமிடம் போய்விடும், குழந்தைக்கு ஒன்றும் தங்காது.

ஆனால் நேரத் திட்டம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், மீதிப் பதினெட்டுப் பேர் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆசிரியர் ஆறு பேரோடு உட்கார்ந்தவுடன் பின்வரிசையில் சண்டை மூண்டால் குழுவும் இல்லை, சந்திப்பும் இல்லை. சகோதரிகளான கெய்ல் பூஷே, ஜோன் மோசர் இருவரும் 2006இல் எழுதிய ‘தி டெய்லி ஃபைவ்’ இதைத்தான் பிடித்துக்கொண்டது. அந்நூல் சொல்லும் முறையில், ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர் எந்தக் குழுவையும் கூப்பிடுவதில்லை. தனியே வாசிக்க முதலில் மூன்று நிமிடமே தருகிறார். யாராவது கவனம் சிதறினால் நிறுத்தி, எல்லோரையும் கூட்டிப் பேசிவிட்டு, மறுபடி தொடங்குகிறார். நாளாக ஆக நிமிடங்கள் கூடுகின்றன. இந்தத் தொடக்க வாரங்களை வீண் என்று நினைத்து முதல் வாரமே குழுப் பாடத்தைக் கேட்கும் நிர்வாகம், பிறகு ஆண்டு முழுக்கக் கூச்சலைத்தான் வாங்கிக்கொள்ளும்.

சந்திப்பு நடந்தால் மட்டும் போதுமா, அதில் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது. பத்திரிகையாளர் எமிலி ஹான்ஃபோர்டின் ‘சோல்ட் எ ஸ்டோரி’ ஒலித்தொடர் 2022இல் வெளிவந்தபோது கிளம்பிய புயல் இதைப் பற்றியதே. தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார்த்தும் சூழலைக் கொண்டும் ஊகிக்கச் சொல்லும் பழக்கம் அத்தொடரில் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்தப் பழக்கத்தைப் பரப்பியதாக விமர்சிக்கப்பட்டவர்களில் ஒருவர் லூசி கால்கின்ஸ். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் அவர் நடத்திவந்த வாசிப்பு-எழுத்துத் திட்டத்தை அக்கல்லூரி 2023இல் கலைத்தது. விமர்சகர்களோடு நான் உடன்படும் இடம் இது: எழுத்தையும் ஒலியையும் இணைக்கத் தெரியாத குழந்தையிடம் ‘ஊகித்துப் பார்’ என்று அன்பாகச் சொல்லும் ஐந்து நிமிடம், பதிவேட்டில் அழகாக இருந்தாலும், வீண். குழு அமைப்பதும் புத்தக நிலையை வைத்தல்ல, எந்தத் திறன் குறைகிறது என்பதை வைத்து இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், பாய்களில் அமர்ந்த குழுக்களில் சிலவற்றுக்குத்தான் ஆசிரியரின் துணை. மற்றவை சக மாணவரின் துணையோடும் தாமாகவும் இயங்கின. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கப்பட்டார்கள். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இருவர் பங்கிட்டுக்கொள்ளும்போது ஒருவரின் அறைக்குள் இரண்டு மூன்று வகுப்பு, அதற்குள் மூன்று நிலை. அங்கே 45 நிமிடம் என்பதே ஆடம்பரம். கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை முறையிட்டிருக்கின்றன. அந்தச் சுமையை மேலும் கூட்ட வேண்டாம். சந்திப்புக் குறிப்புக்கு ஒரு நோட்டில் குழந்தைக்கு ஒரு பக்கம், சந்திப்புக்கு ஒரு வரி போதும்: தேதி, எங்கே தடுமாறியது, அடுத்து என்ன. அந்த நோட்டை வாங்கிப் படித்துப் பார்க்க அதிகாரி தயாராக இருந்தால் தனிப் படிவம் எதுவும் தேவைப்படாது.