வலை விரிந்து முடியும் கணம்

திருகோணமலை நகருக்கு வடக்கே இருக்கும் சல்லியில் கடலும் களப்பும் அருகருகே கிடக்கின்றன. கடற்பக்கம் கரைவலை இழுக்கப் பல கைகள் வேண்டும். களப்பில் வீச்சுவலைக்கு ஓராள் போதும். வலையில் ஒரு பகுதியை முழங்கையில் போட்டு, மிச்சத்தைக் கையில் அள்ளி, இடுப்பைத் திருப்பி வீசுகிறார். குவியலாகப் புறப்பட்டது வட்டமாக நீரில் விழுகிறது. இடையில் அதை விரித்தது எது?

வலையின் பாரம் பெரும்பாலும் விளிம்பில் கோத்த ஈயக் குண்டுகளில்தான் இருக்கிறது. நைலோன் கண்ணிகள் மிக இலேசு. சுழற்றி விட்டதும் ஒவ்வொரு குண்டும் அந்தக் கணத்தில் தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே நேராக ஓடப் பார்க்கும். சடத்துவத்தின் வேலை அது. எல்லாக் குண்டும் ஆளுக்கொரு திசையில் விலக, வலை திறக்கிறது. விரிய விரியச் சுழற்சி தளரும். கோண உந்தம் மாறாதிருக்க, விளிம்பின் ஆரை இருமடங்கானால் சுழலும் வேகம் ஏறத்தாழ நாலில் ஒன்றாகிவிடும். கைக்கருகே விசுக்கென்று திரும்பிய வலை, நீரை நெருங்கும்போது சுற்றுவதே தெரியாது.

முழுதாய் விரிந்த கணம் நீடிக்காது என்பதுதான் இதில் என்னை வியக்க வைப்பது. இழுபட்டு விறைத்த கண்ணிகள் குண்டுகளை உள்ளே திருப்பி இழுக்கத் தொடங்கும். முந்தி விழுந்தால் அரைகுறை வட்டம். பிந்தினால் சுருங்கத் தொடங்கிய வட்டம். உயரம், சாய்வு, சுழற்சி மூன்றும் அந்த ஒரு கணத்தில் வலை நீரைத் தொடும்படி பொருந்தவேண்டும்.

இதே கணத்தை வேண்டுமென்றே தவறவிடும் வித்தையும் உண்டு. 1880களில் பிரிட்டிஷார் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்ட நுவரெலியா ஓடைகளில், பொய்ப்பூச்சி கட்டிய தூண்டிலை வீசினார்கள். பூச்சிக்கு எடை இல்லையென்றே சொல்லலாம், கனத்த நூலே அதைச் சுமந்து போகும். கோலை வலப்பக்கம் கிடையாக வீசினால் நூல் தரைக்கு இணையாக ஒரு வளையமாக உருளும். விசை மிஞ்சினால் நுனி நேர்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் கொக்கியாய் மடங்கும். விசை குறைந்தால் வளையம் அவிழ்ந்து முடியுமுன் வலப்பக்க வளைவாகவே நீரில் படியும். இப்படி வளைத்துப் போட்டால், நடு ஓட்டம் நூலை இழுத்தாலும் பூச்சி சற்று நேரம் இயல்பாக மிதக்கும். பாறைக்குப் பின்னால் நிற்கும் மீனையும் எட்டலாம்.

வீச்சுவலைக்கு அந்தச் சலுகை இல்லை. எதிர்க்காற்று வலையின் வயிற்றில் மோதினால் முன்விளிம்பு பின்னுக்கு மடிந்து, வட்டத்தில் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும். மீன் அந்த வழியால் போய்விடும். காற்றை முதுகில் வாங்கி வீசும்போது வலை கூடுதல் தூரம் போகும், விரியவும் நேரம் கிடைக்கும். ஆகவே கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் மேற்கே முதுகைக் காட்டி நிற்பதே பொருத்தம்.