கணினியா, வணிகமா?

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும், பிள்ளையைக் கம்ப்யூட்டரில் சேர்ப்பதா, காமர்ஸில் சேர்ப்பதா என்ற கேள்வி நம் இல்லங்களில் எழுகிறது. தகவல் அமைப்பு மேலாண்மையை நாடும் பிள்ளைக்கு இரண்டுமே தேவை. கொள்முதல், இருப்பு, விற்பனை, சம்பளம் ஆகிய விவரங்களைக் கணினியில் ஒழுங்குபடுத்தி, நிர்வாகம் சரியான முடிவெடுக்கத் துணைபுரிவதே இப்பணி. கணினி மட்டும் அறிந்தவருக்கு வணிகத்தின் தேவை புரியாது. வணிகம் மட்டும் அறிந்தவருக்குக் கணினியின் ஆற்றல் விளங்காது.

ஆகவே, முதற்பட்டம் தராததை மேற்பட்டத்தில் தேடுவதே நல்வழி. மூன்றாண்டு பி.சி.ஏ. முடித்தவர் எம்.பி.ஏ. பயிலலாம். பி.காம். பட்டதாரி எம்.சி.ஏ. பயிலலாம், ஆயினும் கணினிக்கான இணைப்புப் பாடங்களையும் அவர் முடிக்க வேண்டியிருக்கும். எம்.சி.ஏ. 2020-21 கல்வியாண்டு முதல் ஈராண்டுப் படிப்பாகிவிட்டதால் ஓராண்டுச் செலவு மிச்சம். தமிழகத்தில் இவ்விரு மேற்படிப்புகளுக்கும் அண்ணா பல்கலைக்கழகம் 'டான்செட்' நுழைவுத் தேர்வை நடத்துகிறது. கணிதப் பயிற்சி அதற்குக் கைகொடுக்கும்.

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உள்ளது. சாதிச் சான்றிதழை முன்னதாகவே பெற்று வையுங்கள்.

பெற்றோர்களே! விடுமுறையில் கடையின் பேரேட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். அதைக் கணினியில் ஏற்றும் ஆர்வம் அவனுக்கோ அவளுக்கோ பிறந்தால், இத்துறையைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.