ஆங்கில ஆசிரியர் பயிற்சி: எங்கே சேர்வது?

நம் சங்கக் குடும்பங்களில் பி.ஏ. ஆங்கிலம் முடித்த பிள்ளைகள் இன்று நிறைய இருக்கிறார்கள். ‘டீச்சர் வேலைக்குப் போகட்டும்’ என்று வீட்டில் முடிவானதும் அடுத்த கவலை, பயிற்சிக்கு எங்கே சேர்ப்பது என்பது. ரயில்வே தண்டவாளப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, வித்துராவில் குடியிருப்பவன் நான். ஆசிரியர் தொழில் எனக்குத் தெரியாது. ஆனாலும் ‘சார், இந்த விண்ணப்பத்தைக் கொஞ்சம் பாருங்க’ என்று வரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக விசாரித்துத் தெரிந்துகொண்டவை சில உண்டு. அவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வித்துரா, பொன்முடி மலைச்சாலையை ஒட்டிய ஊர். மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு அந்தக் காலத்தில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பட்டதாரிகள். நெடுமங்காடு, திருவனந்தபுரம் பக்கம் படிப்பதா, நாகர்கோவிலில் உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பதா என்பது இங்குள்ள பல வீடுகளில் நடக்கும் பேச்சு. கட்டணம், பஸ் செலவு, பெண் பிள்ளையின் பாதுகாப்பு எல்லாவற்றையும் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டிய ஒன்றை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை நாளை எந்த வகுப்பறையில் நிற்கப் போகிறது?

கேஜ் பொருந்த வேண்டும்

1976-இல் அகலப்பாதை வரும் வரை திருவனந்தபுரத்துக்கு மீட்டர் கேஜ் வண்டிதான் ஓடியது. பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், 1,000 மில்லிமீட்டர் பாதைக்குச் செய்த சக்கரம் 1,676 மில்லிமீட்டர் பாதையில் ஓடாது. சான்றிதழ்களும் அப்படித்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், ‘சர்வதேசச் சான்றிதழ்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பெரும் பணம் கட்டிக் குறுகிய காலப் படிப்பொன்றை முடித்தாள். பள்ளிகளில் கேட்டபோது ‘பி.எட். இருக்கிறதா?’ என்ற ஒரே கேள்விதான் வந்தது. அவள் அப்பா வாங்கிய கடன் மிச்சம்.

கேரளத்தில் அரசு, உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராக, ஆங்கிலத்தில் பட்டம், ஆங்கிலத்தை விருப்பப்பாடமாகக் கொண்ட பி.எட்., அத்துடன் கே-டெட் தேர்ச்சி தேவை. மேல்நிலை வகுப்புக்கு எம்.ஏ., பி.எட்., ‘செட்’ தேர்வு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அந்த மாநிலத்தின் டெட் தேர்வு. கேந்திரிய வித்யாலயா போன்ற மத்தியப் பள்ளிகளுக்கு சி-டெட். வேலை மாற்றத்தால் ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்கு சி-டெட் நல்ல துணை. 2021-இல் டெட் சான்றிதழ்கள் ஆயுள் முழுவதும் செல்லும் என்று அறிவித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டுக் கேரளத்தில் வேலை தேடுவோரிடம் தகுதி இணைச் சான்று கேட்கப்படலாம். ஆகவே எந்த மாநிலத்தில் வேலை என்பதைத் தீர்மானித்துவிட்டு, பிறகு கல்லூரியைத் தேடுங்கள். என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு இருக்கிறதா என்று சேருமுன்பே பார்த்துவிடுங்கள். பி.எட். 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், சேரும் ஆண்டின் அறிவிப்பையும் வாங்கிப் படிப்பது நல்லது.

எங்கெங்கே என்னென்ன?

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அருகில் இருப்பது தைக்காடு அரசு ஆசிரியர் கல்விக் கல்லூரி. பிளஸ் டூ முடித்த உடனே ஆசிரியராவது என்று உறுதியாக இருக்கும் பிள்ளைகள் மைசூரிலுள்ள மண்டலக் கல்வி நிறுவனத்தை மறக்கக் கூடாது. என்.சி.இ.ஆர்.டி. 1963-இல் தொடங்கிய இந்த நிறுவனத்தில் பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கே ஆண்டுகளில் முடிக்கலாம். தனித்தனியாகப் படிப்பதைவிட ஓராண்டு மிச்சம். நுழைவுத் தேர்வு உண்டு.

ஆங்கிலம் கற்பிப்பதையே ஒரு துறையாகப் படிக்க விரும்புவோருக்கு ஹைதராபாத். 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமான ‘இஃப்லு’ அங்கே இருக்கிறது. ஆங்கிலம் கற்பித்தலுக்கென்றே முதுநிலைப் பட்டயம் அங்கு உண்டு. ஆனால் அந்தப் பட்டயம் பி.எட்.டுக்கு ஈடாகாது. பெங்களூரில் 1963-இல் அமைந்த தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் முக்கியமாக, ஏற்கெனவே பணியில் உள்ள ஆசிரியர்களை அரசுகள் அனுப்பிப் பயிற்றுவிக்கும் இடம்.

வெளிநாட்டு மொழிப் பயிற்சி நிலையங்களில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க நினைப்போருக்கு கேம்பிரிட்ஜின் ‘செல்டா’ சான்றிதழ் பயன்படும். முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரம். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி, அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். நல்ல பயிற்சிதான். ஆனால் நம் ஊர் அரசுப் பள்ளி வேலைக்கு அது செல்லாது.

சென்னையின் பழைய பாடம்

1950-களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கத் திட்டமிட்டார்கள். முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மற்றவர்களுக்கு, அந்த மற்றவர்கள் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து போல என்பதால் ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்றே பெயர் வந்தது. அத்தனை பேரைக் குறுகிய காலத்தில் எட்ட வேறு வழி இல்லைதான். ஆனால் இப்படிக் கைமாறிப் போகும் எந்தப் பயிற்சியிலும், கடைசிப் படியில் இருப்பவருக்குச் சொல் மட்டும் சேருமே தவிர செய்முறை தேய்ந்துவிடும்.

ரயில்வேயிலும் இதே கதைதான். கையேட்டை மனப்பாடம் செய்தவர் உண்டு. ஆனால் டிராலியில் போய், வளைவில் இறங்கி, மூத்தவர் பக்கத்தில் நிற்க கேஜ் அளந்த பிறகுதான் தொழில் கைக்கு வரும். ஆசிரியருக்கு அந்த டிராலி, பள்ளிப் பயிற்சிக் காலம். இரண்டாண்டு பி.எட்.டுக்கு 2014-ஆம் ஆண்டு விதிகள் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்கின்றன. காகிதத்தில் எல்லாக் கல்லூரிகளிலும் அது இருக்கும். ஆகவே போன வருடம் முடித்த மாணவர் இருவரைத் தேடிப் பிடித்து இவற்றைக் கேளுங்கள்:

எத்தனை பாடம் நீங்களே நடத்தினீர்கள்?
பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தவர் யார்? எத்தனை முறை?
பாடம் முடிந்ததும் குறை நிறை சொன்னார்களா, அல்லது நோட்டில் கையெழுத்து மட்டுமா?

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், கட்டடம் சிறியதாக இருந்தாலும் அதுவே நல்ல கல்லூரி.

நம் பிள்ளைகளிடம் உள்ள முதல்

வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தது நம் பிள்ளைகளுக்குக் குறையல்ல, கையிலுள்ள முதல். தமிழில் ‘ப’ ஒன்றே, மலையாளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்து. தமிழில் ‘பேக்’ என்று எழுதினால் அது பையா, மூட்டை கட்டுவதா என்று தெரியாது. தமிழ் வீட்டுக் குழந்தை இதில் எங்கே தடுமாறும் என்பதைத் தானே தடுமாறிக் கடந்த ஆசிரியை நொடியில் கண்டுகொள்வாள். இதை எந்தக் கல்லூரியும் விற்க முடியாது.

பெற்றோர்களே, விளம்பரத்தின் பளபளப்பைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். எந்தப் பள்ளி, எந்த மாநிலம், எந்தத் தேர்வு என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அங்கீகாரம், அதன் பின் செய்முறைப் பயிற்சி, கடைசியில் கட்டணம். இந்த வரிசையில் பார்த்தால் இரண்டு வருடமும் கையிருப்பும் வீணாகாது.